11 பேர்ச்சில் மூன்று சீதன வீடும் ஓர் ஓதப்பள்ளியும்: காத்தான்குடி வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பை அடுத்த முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் மொட்டைமாடிகளில் தூண்கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். வெளியூர்க்காரர் காசு முடிந்து பாதியில் விட்ட வேலை என்று நினைத்துவிடுவார். உள்ளூர்ச் சனம் அதை வேறு மாதிரி வாசிக்கும். இந்த வீட்டில் கலியாணத்துக்கு இன்னும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், அவளுடைய வீடு அந்தக் கம்பிக்கு மேலேதான் எழும்பப்போகிறது, அவ்வளவுதான் விஷயம்.

இலங்கையின் கிழக்குக் கரையில் வீடும் வளவும் மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். முஸ்லிம்களிடம் மட்டுமில்லை, பக்கத்து ஊர் ஆரையம்பதியில் எங்கள் தமிழர் பக்கமும் இதே வழக்கம்தான். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப்பற்றி நிறையவே எழுதியிருக்கிறார். ஆனால் காத்தான்குடியில் இந்த வழக்கம் இடநெருக்கடியோடு நேருக்கு நேர் மோதுகிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி, வடக்கும் தெற்கும் வேறு ஊர்கள். அந்தச் சின்னத் துண்டு நிலத்துக்குள் 2012 கணக்கெடுப்பிலேயே 40,000 பேருக்கு மேல். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று ஒரு தடையும் வந்து, பின்னர் தளர்ந்தது. ஊர் எங்கே விரிவது? மேலே மட்டும்தான்.

நான் இங்கே எழுதப்போவது அப்படி மேலே போன ஒரு வீட்டைப் பற்றி. பிளான் கீறியது நான். வீட்டுக்காரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஒழுங்கையும் வேண்டாம் என்றார்கள், சரி. எழுதக் காரணம் ஒன்று உண்டு. குடும்பத்துக்கான வீட்டுக்குள் அக்கம்பக்கத்துக்கும் ஓர் இடம் வைப்பது பற்றி இப்போது பேசுகிறவர்கள் அதிகம். அந்த இடம் எவ்வளவு பெரிது, எவ்வளவு அழகு என்றே பேசுகிறார்கள். எந்தக் கதவால் யார் வருவார், அவர் வரும் நேரத்தில் மாடிப்படியில் யார் இறங்குவார் என்று கேட்கிறவர்கள் குறைவு. இந்த வேலையில் நான் கண்டவரை அந்த இடம் ஓடுவதும் ஓடாமல் போவதும் அந்தக் கேள்வியில்தான்.

வளவும் கணக்கும்

வளவு 34 அடி அகலம், 88 அடி நீளம். ஏறத்தாழ 11 பேர்ச். கிழக்குப் பக்கம் ஒழுங்கை, அங்கிருந்து மேற்கே நீளும். ஒரு காலத்தில் இது 44 பேர்ச் வளவின் ஒரு கால்பங்கு. வீட்டுப் பெத்தாவின் (பாட்டியின்) உம்மா, அதாவது தாய், தன் நாலு மகள்மாருக்கும் பிரித்துக் கொடுத்தது. அந்தப் பெத்தாவுக்கு ஒரே மகள், அதனால் ஒரு தலைமுறை தப்பியது. அந்த மகளுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு நாலு பேர்ச்சும் வராது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி சாதாரணமாக 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டாகப் பிரிக்க முடியாது என்பதால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

மகன் ஒருவரும் இருக்கிறார். அவருக்குப் போகிற இடத்தில் வீடு கிடைக்கும், ஆகவே இந்தக் கணக்கில் அவர் இல்லை. செலவுக் கணக்கில் மட்டும் இருந்தார்: கட்டாரில் இருந்து மாதாமாதம் காசு அனுப்பியது அவர்தான். கிழக்கில் எத்தனை சீதன வீடுகள் இப்படி மூத்த காக்காமாரின் (அண்ணன்மாரின்) வெளிநாட்டு உழைப்பில் எழும்பியிருக்கின்றன என்று யாராவது உட்கார்ந்து எண்ணினால் நல்லது.

நான் போய்ப் பார்த்தபோது இருந்தது ஓட்டுக் கூரையோடு ஒரு பழைய வீடு, அதன் முன்னால் விறாந்தை, பக்கத்தில் கிணறு. புதிதாக ஒரு பொது இடம் உண்டாக்கும் தேவையே அங்கே இருக்கவில்லை. அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அஸருக்கும் மஃரிபுக்கும் (பின்னேரத் தொழுகைக்கும் அந்தித் தொழுகைக்கும்) இடையில் ஒழுங்கைப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரளவில் விறாந்தையில் பாய் போட்டு பெத்தாவிடம் குர்ஆன் ஓதினார்கள். ஓதப்பள்ளி என்பது அதுதான். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரவில் தராவீஹ் தொழ அங்கேதான் கூடினார்கள். குழாய்த் தண்ணீர் வந்து பல வருடமாகியும் நாலு வீட்டுப் பெண்கள் அந்தக் கிணற்றடியில்தான் உடுப்புத் துவைத்தார்கள், குளித்தார்கள். இதெல்லாம் யாரும் திட்டமிட்டு வந்ததில்லை. விறாந்தை திறந்து கிடந்தது, வேலியில் ஆள் நுழையக் கடப்பு இருந்தது, அவ்வளவுதான். பழைய வீட்டை உடைத்து மூன்று வீடு வைத்தால் முதலில் காணாமல் போவது இவைதான். பக்கத்து வளவுகளில் அப்படித்தான் போனது. சுவர் எழும்பியது, கேற் வந்தது, கிணற்றுக்கு மூடி போட்டு மோட்டார் வைத்தார்கள்.

வாப்பாவின் கடையும் பெத்தாவின் பாயும்

வாப்பா புடவை வியாபாரி. அவருடைய முதல் விருப்பம் முன்னால் இரண்டு கடை, ஷட்டர் போட்டு வாடகைக்கு. வியாபாரி மனசுக்கு அது நியாயம்தான். முன்பக்கம் 20 அடியைச் சும்மா விடுவது காசை ஒழுங்கையில் கொட்டுவது என்றே சொன்னார். பெத்தா எதிர்த்துப் பேசவில்லை. பழைய வீட்டு முற்றத்தில் கயிறு பிடித்து, மேசன் பாஸ் சுண்ணாம்புத்தூள் தூவி, ஓதும் அறை எவ்வளவு வரும் என்று நிலத்தில் காட்டினபோது அவர் கதிரையைத் தூக்கி வரச்சொல்லி உள்ளே போட்டு உட்கார்ந்தார். பிறகு பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, குர்ஆனை வைத்து ஓதும் தாங்கியான றைகாலோடு வரிசையில் இருத்தினார். கடைசி வரிசையில் இருந்த பிள்ளையைக் கையால் காட்டி, "புள்ள, இவன் வாய அசைக்கிறானா ஓதுறானா எண்டு இஞ்ச இருந்து எனக்குத் தெரியணும். அதுக்கு மேல நீளம் வேணாம்" என்றார்.

அறையின் நீளம் அப்படித்தான் 20 அடி என்று நின்றது. அகலம் 15. ஒரு பிள்ளைக்குப் பாயில் இரண்டடி, முன்னால் றைகாலுக்கு ஒன்றரை அடி, இடையில் பெத்தாவோ பின்னர் அவருடைய இடத்துக்கு வருகிறவரோ நடந்துபோக ஒரு வழி.

தொழுகைக்கு அதே அறைதான், ஆனால் அங்கே கணக்கு வேறு. மட்டக்களப்பில் இருந்து கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்காவின் திசை, நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 23 பாகை சாய்வு. வளவோ கிழக்கு மேற்காக நேராகக் கிடக்கிறது. அறையைச் சாய்த்துக் கட்ட 34 அடி அகலத்தில் வழியில்லை. ஆகவே வரிசைகள்தான் அறைக்குள் சாயும், சாய்ந்தால் இரண்டு மூலையும் வீண். நேராக இருந்தால் 35 பேர் நிற்கும் இடத்தில் இப்போது மூன்று முழு வரிசையும் இரண்டு குறை வரிசையுமாக முப்பதுக்குச் சற்றுக் குறைவாகத்தான் நிற்க முடிகிறது. தரைச் சீமெந்து காய்வதற்கு முன் அந்தச் சாய்வில் கோடு கீறி வைத்தோம். பாய் விரிக்க வருகிறவர் யோசிக்கத் தேவையில்லை. வீண்போகும் மூலை இரண்டில் ஒன்றில் றைகால் அடுக்கும் அலுமாரி, மற்றதில் பாய்.

கடைப் பேச்சு எப்படி முடிந்தது என்றால், அறைக்குத் தெற்கே 9 அடி அகலத்தில் மிஞ்சிய பட்டையில் ஒரு சின்ன அறைக்கு மட்டும் ஷட்டர் வைத்தோம். மூத்த மகள் அபாயா தைக்கிறார், அது அவருடைய தையலறை. வெளியாளுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்ற முடிவில் நானும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்தேன். வாடகைக் கடை வந்தால் முன்பக்கத்தில் எந்நேரமும் ஆண்கள் நிற்பார்கள், அப்போது பெண்கள் தராவீஹுக்கு வரும் வழி செத்துவிடும். வாப்பாவுக்கு இன்றைக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒருமுறை நினைவூட்டுவார்.

பட்டையின் மீதிப் பகுதியில் ஒழு எடுக்கும் (தொழுகைக்கு முன் கைகால் கழுவும்) இடமும் ஒரு மலசலகூடமும். இது சின்ன விஷயமாகத் தெரியும். வெளியே இருந்து வருகிற பிள்ளை ஒன்றுக்குப் போக வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் ஆறு மாதத்தில் வீட்டுக்காரர் சலித்துப்போவார். வேறு வீடுகளில் நான் பார்த்த ஓதப்பள்ளிகள் சில நின்றுபோனது இப்படித்தான்.

மாடிப்படி

வேலையின் மையம் இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கீழ்த்தட்டில் முன்னால் ஓதும் அறை, நடுவில் கிணற்றோடு முற்றம், பின்னால் உம்மா, வாப்பா, பெத்தா, கடைசி மகள் இருக்கும் வீடு. அந்த வீடு பிறகு கடைசி மகளுக்கு. முதலாம் மாடி மூத்தவருக்கு, இரண்டாம் மாடி நடு மகளுக்கு. மாடிப்படியை எங்கே வைப்பது? கையில் பென்சில் இருக்கும் யாரும் முற்றத்தில்தான் வைப்பார்கள். வெளிச்சம் இருக்கிறது, இடம் இருக்கிறது, பார்க்கவும் அழகு.

ஆனால் மேலே குடியிருக்கப்போகிறவர்களில் மருமகன்மாரும் அடக்கம். அவர்கள் வேறு வீட்டில் இருந்து வந்த ஆண்கள். முற்றத்தில் கிணற்றடியில் நிற்பது நாலு வீட்டுப் பெண்கள். மருமகன் வேலைக்குப் போகப் படியிறங்கும் நேரமும் கிணற்றடி கூடும் நேரமும் ஒன்றுதான், காலை ஏழரை எட்டு. படி முற்றத்தில் இருந்தால் ஒன்றில் மருமகன் இறங்கும்போதெல்லாம் செருமிக்கொண்டு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பெண்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் யாரும் காரணம் சொல்லமாட்டார்கள், சண்டையும் வராது. ஒவ்வொருவராக வீட்டிலேயே குளிக்கத் தொடங்குவார்கள்.

அதனால் படியை ஒழுங்கை முகப்புக்கே கொண்டுவந்தோம். வடக்கு எல்லையோரமாக 4 அடி நடைவழி, அது கிணற்று முற்றத்துக்கு. அதை ஒட்டி 4 அடி மாடிப்படி, அது நேராக மேலே. இரண்டுக்கும் இடையில் முழுச்சுவர், இரண்டுக்கும் ஒழுங்கையில் தனித்தனிக் கதவு. ஓதும் அறைக்கு மூன்றாவது கதவு. வீட்டு முகப்பில் இத்தனை கதவா என்று நகர சபைக்குப் பிளான் கொடுக்கும்போது கேட்டார்கள். மூன்று கதவு ஏன் என்று விளக்கினதும் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

மேல்மாடிகளில் முற்றத்தைப் பார்க்கும் பக்கம் சாதாரண யன்னல் கிடையாது. ஐந்தடி உயரம் வரை துளையுள்ள சீமெந்துக் கல், அதற்கு மேலே திறக்கும் யன்னல். காற்று வரும், வெளிச்சம் வரும், நின்றபடி கீழே பார்க்க வராது. மூத்த மகளுக்கு இது முதலில் பிடிக்கவில்லை, பிள்ளை முற்றத்தில் விளையாடும்போது எட்டிப்பார்க்க வேண்டுமே என்றார். நியாயம். குசினிக்கு முன்னால் ஒரே ஓர் இடத்தில், கிணற்றுக்குப் பிடரி காட்டும் கோணத்தில், தாழ்வான யன்னல் ஒன்று வைத்துக் கொடுத்தேன்.

படியின் அகலத்தைத் தீர்மானித்தது உம்மா. நான் மூன்றடி போட்டிருந்தேன், திருப்பத்தோடு, பிளானைப் பார்த்தவர், "மேல ஆரும் மௌத்தானா சந்தூக்க எப்படி இறக்குற?" என்று கேட்டார். சந்தூக்கு என்பது மையத்தை (இறந்தவரின் உடலை) வைத்துத் தூக்கிப்போகும் பெட்டி. அதை அப்படி நேராக யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. எங்கள் ஊர்களில் மாடிவீடு புதுசு. இதுவரை மையத்து கீழ்த்தட்டில் இருந்துதான் போனது. குறுகிய திருப்பத்தில் சந்தூக்கைச் சரிக்காமல் இறக்க முடியாது. ஆகவே ஒரே நேர்ப்படி, 4 அடி அகலம், மேலே முழு அகலத்துக்குத் தளமேடை. 11 அடி உயரத்துக்கு 6 அங்குலப் படி 22 வந்தது. அதற்கு வேண்டிய நீளத்தை ஓதும் அறையும் முன் குந்தும் (திண்ணையும்) சேர்ந்து தந்தன. முழங்கால் நோகும் பெத்தாவுக்கும் அந்த 6 அங்குலம் பிடித்துப்போனது. ஓதும் அறையின் வாசலும் அதே யோசனையில்தான் ஐந்தடி இரட்டைக் கதவாயிற்று: மையத்து வீடாகும் நாளில் பெண்கள் உள்ளே, ஆண்கள் ஒழுங்கையில், நடுவே அந்தக் கதவு.

முற்றமும் தண்ணீரும்

நெருக்கமான இடத்தில் முற்றம் வைத்து உள்நோக்கிக் கட்டுவது புதிதில்லை. ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு வெளியே மதில், உள்ளே முற்றம் என்றுதான் நின்றது. அந்த முற்றம் ஒரு குடும்பத்துக்கு. நவி மும்பையில் சார்ல்ஸ் கொரேயா 1980களில் செய்த பேலாப்பூர் குடியிருப்பில் ஏழு வீடுகள் 8 மீற்றர் சதுர முற்றமொன்றைச் சுற்றி நிற்கும், அது ஏழு குடும்பத்துக்கும் பொது. நம்முடையது இரண்டும் இல்லாத நடுவகை. காணி ஒரு குடும்பத்தினுடையது, பாவனையில் நாலு வீட்டுக்குப் பங்கு, அதுவும் சில மணி நேரம் மட்டும்.

அந்தச் சில மணி நேரத்தை எப்படி வைப்பது என்பதில் பெரிய யோசனையெல்லாம் தேவைப்படவில்லை. நடைவழிக் கதவுக்குப் பூட்டு இல்லை, கொண்டி மட்டும். பகலில் வெளியே இருந்து கைவிட்டுத் திறக்கலாம். இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) பிறகு உள்ளே இருந்து தாழ் போடுவார்கள். சாவி என்று ஒன்று இருந்தால் அது யாரிடம் என்ற கேள்வி வரும், கேட்டு வாங்க வேண்டிய நிலை வரும். பெத்தா அதைத் தொடக்கத்திலேயே வெட்டிவிட்டார்.

முற்றம் கிழக்கு மேற்காக 16 அடி. மூன்று தட்டும் எழும்பினால் 33 அடி ஆழத்தில் கிடக்கும். இந்த அகலாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதால் நடுப்பகலில் வெயில் அடிவரை இறங்கும், மற்ற நேரம் நிழல். உடுப்புக் காய அது போதாது, அது மொட்டைமாடிக்குப் போகவேண்டும். ஆனால் பின்னேரம் கிழக்கில் இருந்து கொண்டல் காற்று வீசும்போது முன்கதவுகளால் நுழையும் காற்று முற்றத்தில் ஏறி மேலே போவதை உடம்பு உணரும். மேற்கே வேறு கதை. வருட நடுவில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்கில் இருந்து வருவது காற்றில்லை, அனல். 7 மீற்றருக்கு மேல் உயரும் கட்டடத்துக்குப் பின்னால் 3 மீற்றர் விடவேண்டும் என்பது விதி. அந்தப் பத்தடியில் முருங்கையும் வேம்பும் வைத்து, பின் வீட்டின் மேற்குச் சுவரோரம் குளியலறைகளையும் சாமான் அறையையும் தள்ளி, படுக்கையறைகளை முற்றத்துப் பக்கம் எடுத்தோம்.

தண்ணீர் விஷயத்தில் சமாளிப்புத்தான், தீர்வில்லை. ஊர் முழுக்க மணல், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில், வீட்டுக்கு வீடு மலசலக்குழி. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி வேண்டும் என்று பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) சொல்லும் கணக்கு 88 அடி வளவில் எப்படித் திருப்பினாலும் வராது. பின் எல்லையில் வைத்தால் 43 அடி, முன்னால் வைத்தால் 37. பக்கத்து வளவுக்காரரின் குழி இன்னும் கிட்ட இருக்கலாம். ஆகவே கிணறு குளிக்கவும் துவைக்கவும் கழுவவும் மட்டும் என்று முடிவெடுத்து, குடிக்கச் சமைக்கக் குழாய்த் தண்ணீர், அது உன்னிச்சைக் குளத்தில் இருந்து வவுணதீவில் சுத்திகரித்து வருவது. மலசலத் தொட்டியை அடியும் சுவரும் கசியாமல் பூசி, அதன் பின்னால் கருங்கல் நிரப்பிய வடிதொட்டி ஒன்று வைத்துப் பின் எல்லைக்குத் தள்ளினோம். இருபத்தைந்து பிள்ளைகளின் பாவனையையும் சேர்த்துத்தான் தொட்டியின் அளவு. வீட்டு ஆட்களை மட்டும் எண்ணியிருந்தால் வருடத்துக்கொரு தரம் கழிவை உறிஞ்ச பவுசர் கூப்பிட வேண்டியிருக்கும்.

மழைத்தண்ணீர் பக்கத்து வளவில் விழுந்தால் அது தலைமுறைச் சண்டை. எல்லைச் சுவர் வரை கட்டியதால் தாவாரம் நீட்டவில்லை. கூரைத்தட்டின் தண்ணீர் முழுவதும் பீலியால் முற்றத்துக்குள் இறங்கி மணலுக்குள் போகிறது. ஓட்டுக் கூரையையும் தகரத்தையும் பற்றிப் பேசவே பெத்தா விடவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்த இரவைக் கண்டவர், மேலே கொங்கிறீட் இல்லாமல் வேலை தொடங்காது என்றுவிட்டார்.

காணி உறுதி யார் பெயரில்

வீடு எழும்பிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கேள்வியும் எழும்பியது. மாடி மாடியாகத் தனி உரிமை எழுத 1973 ஆம் ஆண்டின் தொடர்மாடி உரிமைச் சட்டம் வழி தருகிறது, ஆனால் அதன் படிமுறைகளுக்குள் போகக் குடும்பங்கள் தயங்கும். பெரும்பாலும் காணியில் பிரிக்கப்படாத பங்கு எழுதி, எந்தத் தட்டு யாருக்கு என்பதை உறுதியில் சொல்லிவைப்பதோடு நிறுத்துவார்கள். இங்கேயும் அப்படித்தான் போகிறது. சிக்கல் ஓதும் அறையில். அது யாருக்கு?

வக்பு செய்துவிடலாம், அதாவது அறக்கொடையாக எழுதிவிடலாம் என்று வாப்பா ஒருநேரம் யோசித்தார், நல்ல நோக்கம்தான். ஆனால் வக்பு செய்தது திரும்பாது, 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதற்கு நம்பிக்கையாளர், கணக்கு வழக்கு என்று எல்லாம் வரும். தலைக்கு மேலே இரண்டு மகள்மாரின் வீடு நிற்கும் அறையை அப்படிக் கொடுத்தால் நாளைக்கு ஒரு தூண் பழுதுபார்க்கவும் பேச்சுவார்த்தை. மூன்று மகள்மாருக்கும் பொதுவாக எழுதுவது என்று இப்போதைக்கு முடிவு. எனக்கு இதில் ஒரு பயம் இருந்தது: மூவருக்கும் பொது என்றால் கூட்டித் துடைப்பது யார், கரன்ட் பில் கட்டுவது யார்? அதனால் அறைக்கும் கிணற்று மோட்டாருக்கும் சேர்த்துத் தனி மின்மீற்றர் எடுக்கச் சொன்னேன். பில் தனியாக வருகிறது, தையலறை வருமானத்தில் இருந்து கட்டுகிறார்கள். வாப்பா கேட்ட கடை, ஒரு வகையில், அந்தப் பில்லுக்காவது உழைக்கிறது.

இருந்து பார்த்ததில்

அத்திவாரமும் தூண்களும் மூன்று தட்டுக்கும் சேர்த்து முதலிலேயே போட்டது. பிறகு வந்த 2022 நெருக்கடியில் சீமெந்துப் பை 2,000 ரூபாவைத் தாண்டியபோது முதலாம் மாடியோடு நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டாம் மாடிக்கு நீட்டிய கம்பிகளுக்குச் சும்மா பொலித்தீன் சுற்றவில்லை, கடற்காற்றில் அது உள்ளே வியர்த்துக் கறளை (துருவை) கூட்டும். சீமெந்துப் பால் பூசி மெலிந்த கொங்கிறீட்டால் மூடிவிட்டோம், வேலை தொடங்கும்போது தட்டி எடுக்கலாம். இதைப் பலர் செய்வதில்லை.

2024 நவம்பர் கடைசியில் கிழக்கு முழுக்க வெள்ளம் போட்ட மழையில் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஓதும் அறை 18 அங்குலம் உயரம், பின் வீடு இரண்டடி. இரண்டுக்குள்ளும் ஏறவில்லை. முற்றத்தில் ஒரு பகல் தேங்கி வடிந்தது. அறையை இன்னும் உயர்த்தியிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தன் வளவை உயர்த்துவதால்தான் ஒழுங்கை வாய்க்கால் ஆகிறது என்பதும், பெத்தாவும் சின்னப்பிள்ளைகளும் ஏறவேண்டிய படி அது என்பதும் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சரிவராதவையும் உண்டு. இருபத்தைந்து பிள்ளைகள் ஒன்றாக ஓதும் சத்தம் கொங்கிறீட் தட்டில் பட்டு மேலே கேட்கிறது. அறைக்கு மேலே மூத்தவரின் படுக்கையறை வராமல் முன்கூடம் வருமாறு வைத்தும், கைக்குழந்தை தூங்கும் நேரம் அதேதான் என்பதால் புகார் நிற்கவில்லை. பாய்களைச் சுவரில் தொங்கவிட்டதில் கொஞ்சம் குறைந்தது. முன் குந்து, ஆறடி ஆழத்தில், கிழவர்மார் மஃரிபுக்கு முன் வந்து உட்காரவும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் காத்திருக்கவும் என்று வைத்தது. இப்போது பாதிநேரம் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம். ஒழுங்கை 12 அடி, வேறு எங்கே நிறுத்துவார்கள்? குந்தின் விளிம்பில் இரும்புக் குழாய் ஒன்று பதித்தால் பைக் ஏறாது, ஆனால் பெத்தாவின் நண்பிகளும் இடறுவார்கள். அது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

பெரிய தலையிடி வெளிக்குசினி. நோன்பில் ஒழுங்கைக்கே கஞ்சி காய்ச்சுவது இந்த வீடு, கேஸ் அடுப்பில் அந்தக் கிடாரம் ஏறாது. முற்றத்தின் தெற்கு மூலையில் விறகடுப்பு வைத்துப் புகைக்குழாயை முதலாம் மாடிக்கு மேலே எடுத்தோம். இப்போது அது போதும். இரண்டாம் மாடி எழும்பினால் குழாயின் வாய் நடு மகளின் யன்னலுக்கு நேரே வந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது தனி வாசலும் தனி மீற்றரும், இரண்டும் இருக்கின்றன. புகைக்குழாயைக் கூரைத்தட்டுக்கு மேலே இன்னும் நாலடி உயர்த்தும் வேலையை இரண்டாம் மாடி எஸ்டிமேற்றில் சேர்த்துக் கொடுத்தாயிற்று. வாடை மழை ஓய்ந்து தை, மாசியில் தொடங்குவதாக மேசன் பாஸ் சொல்லியிருக்கிறார், நோன்புக் கஞ்சிக்கு அடுப்பைக் கழற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு.